தகட்டின் விளிம்பில் கசிந்த மின்னோட்டம்: பெரம்பூர் வீட்டுப் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பர் முதல் வாரத்தில், இரவு முழுதும் மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை நேரத்தில், எங்கள் தெருக்கோடி வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மேல்நிலைத் தொட்டி வறண்டு கிடக்கிறது, சம்ப்பில் தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனாலும் நான் செய்து கொடுத்திருந்த தானியங்கிப் பெட்டி மோட்டாரை ஓட விடவில்லை, தொட்டி நிறைந்ததைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது என்றார்கள். அடுத்த பத்து நாட்களில் இதே புகார் இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை நகரத்தையே முடக்கிப் போட்ட பிறகு, மின்சாரம் திரும்பிய அன்று மேலும் இரண்டு. ஆக, அந்த ஆண்டு ஜூலையில் நான் பொருத்திய 18 பெட்டிகளில் ஐந்து, வெயில் இருந்தவரை ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துவிட்டு, மழை பிடித்ததும் தொட்டி நிறைந்துவிட்டதாகத் தவறாகக் காட்டத் தொடங்கின. ஆறு வாரத் தேடலுக்குப் பின் காரணம் அகப்பட்டது நான் முதலில் சிறிதும் சந்தேகிக்காத இடத்தில்: மின்சுற்றுப் பலகையை நான் வெட்டியிருந்த விதத்தில்.

வீட்டில் உட்கார்ந்து பலகை செய்பவர்கள் பலரும் வெட்டுவதை வேலைக்கு முந்தைய வேலையாகவே கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் கருதியிருந்தேன். விளிம்பு கோணலாக இருந்தால் பார்வைக்கு நன்றாக இராது, பெட்டிக்குள் சரியாக உட்காராது, அவ்வளவுதான் என்பது என் எண்ணம். இந்த ஐந்து பழுதுகளும் அந்த எண்ணத்தை எப்படி மாற்றின என்பதை, அளந்த அளவுகளோடும் பின்னர் நான் கைக்கொண்ட வெட்டும் முறையோடும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெட்டியும் பலகையும்

சுற்று மிக எளியது. தொட்டியின் மேல் மட்டத்தில் ஒரு துருவேறா எஃகுக் கம்பியும், அடியில் தரையோடு (சுற்றின் 0 வோல்ட் முனையோடு) இணைந்த பொதுக் கம்பியும் தொங்குகின்றன. மேல் கம்பியிலிருந்து வரும் கோடு ஒரு 1 மெகா ஓம் மின்தடை வழியாக 12 வோல்ட்டோடு இணைந்து, சிடி4093 என்ற ஐசியின் உள்ளீட்டுக்குப் போகிறது. தண்ணீர் அந்தக் கம்பியைத் தொடாதவரை உள்ளீடு 12 வோல்ட்டில் நிற்கும். தொட்டவுடன் தண்ணீரின் வழியே தரைக்கு இழுக்கப்பட்டு இறங்கும். ஐசி மோட்டாரை நிறுத்தும். கம்பியில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால்தான் கம்பி அரிக்காது என்பதால் 1 மெகா ஓம் என்ற பெரிய மதிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதற்கு ஒரு விலை உண்டு: பலகையிலேயே ஏதாவது ஒரு மூலையில் சில லட்சம் ஓம் அளவுக்குக் கசிவு ஏற்பட்டால், அந்தக் கசிவுக்கும் தண்ணீருக்கும் ஐசியால் வேறுபாடு காண முடியாது.

பலகைகள் ஒவ்வொன்றும் 75 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய, செம்பு ஒட்டிய ஓர் அடிச் சதுரக் காப்பர் கிளாட் தகடுகள் இரண்டு; கடைக்காரர்கள் கிளாஸ் எபாக்ஸி என்று சொல்லும் எஃப்ஆர்-4 வகை; 1.6 மி.மீ. தடிமன், ஒரு பக்கம் மட்டும் 35 மைக்ரான் செம்பு. பழுப்பு நிறப் பேப்பர் போர்டு அதைவிட மலிவாகவும் வெட்டச் சுலபமாகவும் இருக்கும். ஆனால் காகிதமும் பினாலிக் பிசினும் சேர்ந்த அந்தப் பலகை ஈரத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால், கடல் காற்றுள்ள சென்னையில், அதுவும் தண்ணீர்த் தொட்டி வேலைக்கு, அதை எடுப்பதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தேன். நல்ல பொருளை வாங்கிவிட்டோம் என்ற அந்த நிம்மதியே பின்னர் என் கண்ணை மறைத்தது.

தகட்டை முதலில் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் செம்பிலும் இஸ்திரிப் பெட்டியால் டோனர் (லேசர் அச்சு மை) வரைபடத்தை மாற்றி, டோனர் மூடாத செம்பை ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரித்து எடுத்தேன்; மிஞ்சிய செம்புத் தடங்களே மின்சாரம் ஓடும் கோடுகள். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: வெட்டு முதலில், அரிப்பு பின்னர். வெட்டுவதற்கு, தகரம் வெட்டும் கத்தரியைப் பயன்படுத்தினேன். 12 பலகைகளை அதில் வெட்டி முடித்தபோது கை கடுத்துப் போனதால், மீதி ஆறை என் அக்கா மகன் ஆக்சா பிளேடால் அறுத்துக் கொடுத்தான். கத்தரி வெட்டிய விளிம்புகளின் ஓரமாகச் சிறு சிறு வெள்ளைப் பிறைகள் தெரிந்தன. அரத்தால் விளிம்பைத் தேய்த்தும் அவை போகவில்லை. பார்வைக் குறை என்று விட்டுவிட்டேன்.

தேடல்

முதல் சந்தேகம் தொட்டிக் கம்பிகளின் மேல் விழுந்தது. கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிய பிறகும் பச்சை விளக்கு எரிந்ததால் அந்தச் சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. அடுத்தது பற்றவைப்பில் மீந்த ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை). ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கியைத் தோய்த்து இரு பக்கமும் தேய்த்துக் கழுவி உலர்த்தினேன். பலகை அன்று மாலை சரியாக வேலை செய்தது, மறுநாள் விடிகாலையில் பழையபடி ஆயிற்று. ஐசியை மாற்றினேன், பயனில்லை. ஐசியைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, மின்தடையின் ஒரு காலைத் தூக்கிவிட்டு, உள்ளீட்டுக் கோட்டுக்கும் பலகையைச் சுற்றி ஓடும் தரைக் கோட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தபோது 380 கிலோ ஓம் காட்டியது. இரண்டு கோடுகளுக்கும் இடையே வெறும் பலகையைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கே மீட்டர் எந்த அளவையும் காட்டாமல் நின்றிருக்க வேண்டும்.

அப்போது பக்கத்தில் நின்ற அக்கா மகன், “மாமா, தலை உலர்த்துகிற டிரையரை ஓரத்தில் காட்டிப் பாருங்கள்” என்றான். பத்து நிமிடச் சூட்டில் அளவு 5 மெகா ஓமைத் தாண்டியது. ஈரம்தான் என்பது உறுதியாயிற்று. ஆனால் ஆல்கஹாலில் கழுவி உலர்த்தியும் திரும்பி வருகிற ஈரம் மேற்பரப்பில் இருக்க முடியாது. டிரையரின் குழாயைப் பலகையின் நான்கு ஓரங்களுக்கும் தனித்தனியாகக் காட்டியபோது, மூன்று ஓரங்களில் அளவு அசையவில்லை. உள்ளீட்டுக் கோடு ஓடும் நீண்ட ஓரத்தில் மட்டும் உயர்ந்தது. அந்த ஓரத்தில் தரைக் கோடு விளிம்பிலிருந்து 0.8 மி.மீ. உள்ளே இருந்தது, அதற்கடுத்து உள்ளீட்டுக் கோடு. இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைப் பிறை.

பழுதான ஐந்து பலகைகளும் கத்தரியால் வெட்டிய 12-இல் சேர்ந்தவை. ஆக்சா பிளேடால் அறுத்த ஆறில் ஒன்றும் இல்லை. இதைக் கவனித்ததும் தேடலின் போக்கு மாறியது. ஆனால் 12-இல் ஏன் ஐந்து மட்டும் என்ற கேள்வி நின்றது. அதற்கும் விடை பிறைகளிலேயே இருந்தது. கத்தரி ஒவ்வொரு கடிக்கும் ஏறத்தாழ 25 மி.மீ. முன்னேறுகிறது, கடி முடியும் இடத்தில் அலகின் நுனி தகட்டை நசுக்குகிறது, அங்கேதான் பிறை அகலமாக, 2 முதல் 3 மி.மீ. வரை உள்ளே போகிறது. பழுதான ஐந்திலும் அந்தக் கடிமுனை, இரண்டு கோடுகளும் அருகருகே ஓடும் பகுதியில் விழுந்திருந்தது. மற்ற ஏழில் நான்கில் பிறைகள் கோடுகள் இல்லாத இடத்தில் விழுந்திருந்தன. மூன்றில் தொட்டும் தொடாமலும் இருந்தன.

கடைசியாக, திருத்த முடியாத ஒரு பலகையைப் பிறையின் குறுக்கே உடைத்துப் பூதக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளையாகத் தெரிந்த அடுக்கின் உள்ளே, கண்ணாடி நூல்களின் நெடுக, மெல்லிய துருநிறக் கறை ஓடியிருந்தது. அது ஃபெரிக் குளோரைடு.

வெள்ளைப் பிறை எதனால் உண்டாகிறது

எஃப்ஆர்-4 தகடு என்பது கண்ணாடித் துணி அடுக்குகளை எபாக்ஸி பிசினில் தோய்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கியது. 1.6 மி.மீ. தகட்டில் பொதுவாக எட்டு அடுக்குத் துணி இருக்கும். துணியின் நூல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மைக்ரான் விட்டமுள்ள நூற்றுக்கணக்கான இழைகளால் ஆனது. இழையும் பிசினும் இறுக ஒட்டியிருக்கும்வரை ஒளி பெரிதும் தடையின்றி ஊடுருவும்; அதனால் தகடு பச்சை கலந்த மஞ்சளாக, சற்றே ஒளி புகுவதாகத் தெரிகிறது. இழை பிசினை விட்டுப் பிரிந்தால் இடையில் காற்று புகுந்துவிடும். அந்த நுண்ணிய இடைவெளிகளில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளை தோன்றுகிறது. ஆகவே வெள்ளை என்பது கறையோ தூசியோ அல்ல, தகட்டுக்குள் திறந்துகொண்ட நுண் குழாய்களின் அடையாளம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தக் குழாய்கள் நீர்மத்தை இழுக்கும்.

தகரம் வெட்டும் கத்தரி தகரத்துக்காக அமைந்தது. தகரம் வளையும், நீளும். கத்தரியின் இரண்டு அலகுகளும் தகட்டை எதிரெதிராகத் தள்ளும்போது உலோகம் இழுபட்டு விலகி வழிவிடுகிறது. கண்ணாடி இழையும் கெட்டியான எபாக்ஸியும் அப்படி வழிவிடுவதில்லை. வெட்டப்படும் பகுதியை அலகு வளைக்கும்போது அடுக்குகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. வெட்டு வருவதற்கு முன்பே பிளவு முன்னே ஓடிவிடுகிறது.

அப்படிப் பிளந்த விளிம்பை ஃபெரிக் குளோரைடில் அரை மணி நேரம் போட்டு வைத்திருந்தேன். பிறகு குழாய்த் தண்ணீரில் கழுவினேன். மேற்பரப்பு கழுவப்பட்டது, உள்ளே போனது உள்ளேயே தங்கிவிட்டது. ஃபெரிக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து நீர்த்துப் போகும் உப்பு. ஐப்பசி, கார்த்திகையில் சமையலறைக் கல்லுப்பு ஜாடியின் அடியில் நீர் கசிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லுப்பைவிட ஃபெரிக் குளோரைடு இன்னும் வேகமாக ஈரத்தை இழுக்கும். வெயில் காலத்தில் உலர்ந்து கிடந்த அந்த உப்பு, மழைக்காலக் காற்றில் நீர்த்து, மின்சாரத்தைக் கடத்தும் கரைசலாக மாறி, இரண்டு செம்புக் கோடுகளுக்கும் அடியில் பாலம் போட்டது.

உப்புப் பெட்டிச் சோதனை

காரணம் இதுதான் என்று நம்புவது வேறு, காட்டுவது வேறு. மீதமிருந்த தகட்டில், 1 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகள் கொண்ட துண்டுகளைச் செய்தேன். வெளிக்கோடு விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளே. வெட்டும் முறை நான்கு: தகரக் கத்தரி, ஆக்சா பிளேடு, கைப்பிடிச் சுழல் கருவியில் பொருத்திய சிறு வைர வட்டு, இரு பக்கமும் கீறி முறிப்பது. ஒவ்வொரு முறையிலும் அரிப்புக்கு முன் வெட்டியது, அரிப்புக்குப் பின் வெட்டியது என்று இரண்டு வகை. வகைக்கு இரண்டு துண்டுகள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரச் சேறு போல நனைத்த சாப்பாட்டு உப்பை ஒரு கிண்ணத்தில் வைத்தால், மூடிய டப்பாவின் காற்று ஏறத்தாழ 75% ஈரப்பதத்தில் நிலைத்து நிற்கும். அதில் துண்டுகளை ஐந்து நாட்கள் தொங்கவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இரவல் வாங்கிய 500 வோல்ட் மெக்கரால் (மிகப் பெரிய மின்தடைகளை அளக்கும் கருவி) அளந்தேன். அந்த மெக்கரின் எல்லை 1,000 மெகா ஓம்.

கத்தரியால் வெட்டிப் பின் அரித்த இரண்டு துண்டுகளும் 2 மெகா ஓமுக்கும் கீழே இறங்கின. அதே கத்தரியால், ஆனால் அரித்துக் கழுவி உலர்த்திய பிறகு வெட்டியவை 90 மெகா ஓம் அளவில் நின்றன. ஆக்சா பிளேடால் முதலில் அறுத்து, பின் அரித்தவை 150-ஐ ஒட்டி இருந்தன. வைர வட்டிலும், கீறி முறித்த முறையிலும் வரிசை எதுவாயினும் முள் எல்லையைத் தாண்டிப் போயிற்று. வகைக்கு இரண்டே துண்டுகளை வைத்து யாருக்கும் பொது விதி சொல்ல முடியாது. ஆனால் என் கையிலிருந்த கேள்விக்கு இது போதுமானதாக இருந்தது: நசுங்கிய விளிம்பும் அரிப்புக் கரைசலும் சேரும்போதுதான் பெரும் கேடு வருகிறது, இரண்டில் ஒன்றை நீக்கினாலே நிலைமை பல மடங்கு சீராகிறது, இரண்டையும் நீக்கினால் விளிம்பைப் பற்றிய கவலையே எழுவதில்லை.

வைர வட்டு நன்றாக வெட்டினாலும் அதை நான் ஒதுக்கிவிட்டேன். நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடும் அந்த வட்டு தகட்டை நுண்பொடியாக மாற்றிக் காற்றில் கலக்கிறது. நேர்கோட்டை விட்டு எளிதில் விலகுகிறது. சற்று அழுத்தினாலும் பிசின் கருகும் நெடி வருகிறது. டைல்ஸ் வேலை செய்யும் தம்பி ஒருவர் தம் மார்பிள் கட்டரைத் தண்ணீர் விட்டு ஓட்டித் தருவதாகச் சொன்னார். பொடி பறக்காது என்பது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 2 மி.மீ. அகலத்தை வட்டே தின்றுவிடும். ஈரத் தரையில் கைக் கருவியை ஓட்டும் ஆபத்தும் உண்டு. 50 மி.மீ. துண்டுக்கு அது தேவையற்றது.

கீறி முறிப்பது

இப்போது நான் பின்பற்றும் முறை கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியை வெட்டும் முறைக்கு உறவானது. அக்ரிலிக் தகடு கீறும் கொக்கி வடிவக் கத்தியே கருவி. சாதாரண பேப்பர் கத்தி பொருளை இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளுகிறது. கொக்கிக் கத்தி பொருளைச் சுருளாகச் சீவி வெளியே எடுக்கிறது. கண்ணாடி இழை எந்த எஃகையும் விரைவில் மழுக்கும் என்பதால், நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை கூர் பார்க்க வேண்டும். பவர் ஆக்சாவின் உடைந்த ஹைஸ்பீடு பிளேடு கிடைத்தால் அதை அரவைக் கல்லில் கொக்கியாகத் தேய்த்துக்கொள்ளலாம்; சாதாரண கார்பன் எஃகு தேய்க்கும் சூட்டில் நீலம் பூத்துப் பதம் இழந்துவிடும், ஹைஸ்பீடு எஃகு அந்தச் சூட்டைத் தாங்கும்.

தகட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டு சி கிளாம்ப்களால் மேசையோடு இறுக்குகிறேன். கையால் பிடித்தால் பத்தாவது இழுப்பில் ஸ்கேல் நகர்ந்தே தீரும். முதல் இரண்டு இழுப்புகள் கையின் கனத்தில் மட்டும், வழி காட்டுவதற்கு. அதன் பிறகே அழுத்தம். செம்பு அறுந்து அடியிலுள்ள பிசின் தெரிந்ததும் சீவும் ஓசை மாறுவதைக் காது கேட்கும். என் கைக்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் அரை மி.மீ. ஆழம் வருகிறது, வெர்னியர் அளவியின் ஆழக் கம்பியால் இதைச் சரிபார்க்கிறேன். பின்னர் கோட்டின் இரு முனைகளிலும் விளிம்பில் அரத்தால் சிறு வெட்டுப் போட்டு, அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தகட்டைத் திருப்பி, மறுபக்கமும் அதே கோட்டில் அதே ஆழத்துக்குக் கீறுகிறேன். 1.6 மி.மீ. தகட்டில் நடுவே 0.6 மி.மீ. மட்டும் மிஞ்ச வேண்டும். மறுபக்கக் கீறலைத் தவிர்ப்பவர்கள்தான் இந்த முறையைக் குறை சொல்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கீறி முறித்தால், அடிப்பக்க இழைகள் அறுபடாமல் பிய்த்துக்கொண்டு வரும், அங்கே மீண்டும் வெள்ளை படரும்.

முறிப்பதற்கு, பெஞ்ச் வைஸின் தாடைகளில் இரண்டு எல் ஆங்கிள் துண்டுகளை வைத்து, கீறல் அவற்றின் மேல் விளிம்போடு சமமாக நிற்குமாறு தகட்டை இறுக்குகிறேன். வெளியே நிற்கும் பகுதி முழுவதையும் ஒரு மரச் சட்டத்தால் தாங்கி, செம்புப் பக்கக் கீறல் திறந்துகொள்ளும் திசையில், ஒரே சீராகத் தள்ளினால் ஒரு சிறு ஓசையோடு முறிந்துவிடும். விரலால் ஒரு முனையை மட்டும் தள்ளினால் முறிவு கோணலாக ஓடும். எங்கேனும் இரண்டொரு இழைகள் தொங்கினால் அவற்றைக் கத்தியால் அறுக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. 15 மி.மீ.-க்கும் குறுகிய பட்டைகள் இந்த முறைக்குச் சரிவருவதில்லை. தாங்கிப் பிடிக்கப் போதிய இடம் இல்லை.

குறுகிய பட்டைகளுக்கும், பெட்டியின் தூணுக்கு இடம் விட வேண்டிய எல் வடிவ வெட்டுகளுக்கும் ஆக்சா பிளேடுதான். இதில் என் கையைத் திருத்தியவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும், ஐ.சி.எஃப்.-இல் (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். “எந்தத் தகட்டை அறுத்தாலும் மூன்று பல்லாவது எப்போதும் தகட்டின் மேல் இருக்க வேண்டும் தம்பி, இல்லாவிட்டால் பல் தகட்டில் மாட்டிக்கொள்ளும்” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால், அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 1 மி.மீ. சற்று மேல், 1.6 மி.மீ. தகட்டை நேர்க்குத்தாக அறுத்தால் ஒன்றரைப் பல்தான் அதில் படும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடில்கூட இரண்டு பல்தான். ஆனால் பிளேடைத் தகட்டின் தளத்தோடு 30 பாகைக்குச் சாய்த்தால் தொடும் நீளம் 3.2 மி.மீ. ஆகிறது, நான்கு பல் படுகிறது. செம்புப் பக்கம் மேலே இருக்க வேண்டும். ஆக்சா தள்ளும்போது அறுப்பதால், பல் செம்பைப் பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு போகும், தூக்காது. அடியில் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டைச் சேர்த்து இறுக்கி இரண்டையும் ஒன்றாக அறுத்தால், வெளியேறும் பக்கமும் சிதறாது.

எந்த முறையில் வெட்டினாலும் பிசிறு நீக்க வேண்டும். அரத்தைச் செம்பிலிருந்து அடிப்பக்கம் நோக்கி மட்டும் ஓட்டுகிறேன். எதிர்த் திசையில் ஓட்டினால் செம்பு உரிந்து எழும். பிறகு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 220, அதற்கடுத்து 400 எண் ஈரத் தேய்ப்பு எமரி தாளை விரித்து, சோப்பு கலந்த தண்ணீர் சில துளி விட்டு, விளிம்பை நேராக நிறுத்தித் தேய்க்கிறேன். வரைபடத்திலும் இரண்டு மாற்றங்கள் செய்தேன். வெட்டும் கோட்டின் இரு பக்கமும் செம்பே இல்லாமல் 2.5 மி.மீ. விட்டுவிடுகிறேன், உள்ளீட்டுக் கோட்டைப் பலகையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். வேலையின் வரிசையையும் மாற்றினேன்: முழுத் தகட்டிலேயே பல பலகைகளை ஒன்றாக அரித்து, நன்றாகக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே வெட்டுகிறேன். செம்பு போன வெட்டுத் தடத்தில் கத்தி வழுக்காமல் இறங்குவது எதிர்பாராமல் கிடைத்த நன்மை.

தூசி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் வீட்டுப் பட்டறை என்பது வீட்டுக்குள் இருக்கிறது. குழந்தைகள் தவழும் தரைக்கும் நம் அரத்துக்கும் இடையே ஒரு கதவுதான். கண்ணாடி இழை 9 மைக்ரான் தடிமன் உள்ளது. அது நீளவாக்கில் பிளந்து மெலிவதில்லை, குறுக்கே ஒடிகிறது. நுரையீரலின் ஆழத்துக்குப் போகக்கூடிய இழைகள் 3 மைக்ரானுக்கும் மெலிந்தவை என்பதால், கையால் அறுக்கும்போது வரும் இழைத் துண்டுகள் பெரும்பாலும் தோலையும் கண்ணையும் தொண்டையையும் தான் வருத்தும். ஆனால் சுழல் கருவி அரைக்கும் பொடியில் மிக நுண்ணிய பிசின் துகளும் கண்ணாடித் துகளும் கலந்திருக்கும். அதைச் சுவாசிக்கவே கூடாது. ஐஎஸ் 9473 தரக் குறியோடு வரும் எஃப்எஃப்பி2 முகமூடியை அணிகிறேன். துணி முகமூடி இதற்குப் போதாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வெட்டத் தொடங்குகிறேன், வேர்வை வழிந்தாலும். வாயால் ஊதுவதில்லை, துடைப்பத்தால் பெருக்குவதில்லை. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். வீட்டு வாக்குவம் கிளீனரில் நுண் வடிகட்டி இல்லையென்றால், முன்னால் இழுத்ததைப் பின்னால் ஊதிவிடும். வேலை முடிந்ததும் கையைத் தேய்க்காமல் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் காட்டுகிறேன். தேய்த்தால் இழைகள் தோலுக்குள் ஏறி இரவெல்லாம் அரிக்கும். அணிந்த சட்டையை வீட்டுத் துணிகளோடு துவைக்கப் போடுவதில்லை.

மாற்றிய பலகைகள்

பழுதான ஐந்தோடு, பழுதாகாத ஏழு கத்தரி வெட்டுப் பலகைகளையும் வீடு வீடாகப் போய்த் திரும்பப் பெற்றேன். பழைய பலகைகளை 105 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, விளிம்புக்கு எபாக்ஸி பூசி மீட்க முடியுமா என்று இரண்டில் முயன்றேன். உப்பு டப்பாவில் அவை முதல் வாரம் நன்றாக நின்றன, மூன்றாம் வாரத்தில் மெல்ல இறங்கத் தொடங்கின. உள்ளே இருக்கும் உப்பை அடைத்து வைக்கத்தான் முடிகிறது, எடுக்க முடியவில்லை. உலர்த்தாமல் பூசியிருந்தால் ஈரத்தையும் சேர்த்தே அடைத்திருப்பேன். ஆகவே பன்னிரண்டையும் புதிதாகவே செய்தேன்.

புதிய 12 பலகைகளும் 2024 செப்டம்பருக்குள் இடத்தில் அமர்ந்தன. அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையும், நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது பெய்த மழையும் போன பிறகு, எல்லா வீடுகளுக்கும் மெக்கரோடு போய், முன்போலவே ஐசியைக் கழற்றி, மின்தடையின் ஒரு காலைத் தூக்கி அளந்தேன். கீறி முறித்த பன்னிரண்டும் அளவின் எல்லையைத் தாண்டியே இருந்தன. அக்கா மகன் அறுத்த பழைய ஆறில் ஐந்து 300 மெகா ஓமுக்கு மேல் நின்றன. ஆறாவது 140-க்கு இறங்கியிருந்தது. வேலையில் குறை ஏதும் தெரியவில்லை, அந்த வீட்டார் புகாரும் சொல்லவில்லை. கழற்றிப் பார்த்தபோது, பிளேடு ஓரிடத்தில் சிக்கி இழுத்த தடமும், அதன் பக்கத்தில் அரை மி.மீ. அகலத்தில் ஒரு வெள்ளைக் கீற்றும் இருந்தன. அந்தப் பலகைக்கு மாற்று தயாராக இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் மாற்றிவிடுவதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.